பத்தாவது செல்

காலை ஒன்பதரைக்கு வேர்நுனி வெட்ட வேண்டும்.
அதற்கு முன்னால் செல்களுக்குச் சோம்பல்,
பத்தரை தாண்டினால் வேலை முடிந்த அசதி.
மேலூர் பேருந்து இதைப் புரிந்துகொண்டதே இல்லை.

ஆய்வக ஜன்னலில் ஈரமணல் நிரப்பிய ஹார்லிக்ஸ் பாட்டில்கள்.
பிளாஸ்திரியில் ஊர் எழுதி ஒட்டியிருக்கிறேன்:
யானைமலை, அழகர்மலை, பெருமாள்மலை, சிறுமலை.
ஒவ்வொன்றிலும் ஒரு நரிவெங்காயம்.

ஆடு கடிக்காது. மயில் கிளறாது.
சாறு பட்டால் புறங்கை சிவந்து அரிக்கும்.
சித்திரை வெயிலில், ஓர் இலைகூட இல்லாமல்
பாறையிடுக்கிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு குச்சி;
குச்சி நெடுகத் தவிட்டு நிறத்தில் மணிகள்.
மல்லிகைக்கு முழமும் சந்தையும் உள்ள ஊரில்
இதை எண்ண எனக்குத்தான் சம்பளம்,
அதுவும் மார்ச்சோடு நின்றது.

நுனியை அமிலத்தில் இளக்கி, சாயத்தில் ஊறவைத்து
கண்ணாடிமேல் கண்ணாடி வைத்துக்
கட்டைவிரலால் அழுத்துவேன். நழுவக் கூடாது.
வெற்றிலை எச்சில் நிறத்தில் செல்கள் பரவும்.
நீளமாய்ச் சில, குட்டையாய்ப் பல,
யாரோ கொட்டிவிட்டுப் போன உடைந்த தீக்குச்சிகள்.

யானைமலை இருபது. அழகர்மலை இருபது.
சிறுமலை நாற்பது.

இந்தப் பேரினத்தின் கைமுதல் பத்து.
தாய் வழி பத்து, தகப்பன் வழி பத்து,
பாகம் பிரித்து, பாதியைக் கொடுத்து, பிழைத்து வந்தது.
என்றோ ஒரு செல் பத்திரம் எழுத மறந்து
மொத்தத்தையும் மகளிடமே தந்துவிட்டது.
மறதிதான்.
மறதியில் தடித்த இலை, பெரிய கிழங்கு,
வேறொரு மலை.

பெயரெழுதாத பாட்டில் ஒன்று உண்டு.
மேலூர் பக்கம் பாதி தின்னப்பட்ட ஒரு குன்று.
எடைமேடைக் கணக்கர் ஒச்சப்பன்
சாப்பாட்டு இடைவேளையில் உள்ளே விட்டார்.
"சீக்கிரம்மா, ரெண்டு மணிக்கு வெடி."
அவர் டிப்பர்களை எண்ணிக்கொண்டிருந்தார்,
நாலு கோடு, குறுக்கே ஒன்று.

அந்தக் கிழங்கில் முப்பது.

மூன்று பத்து. எதற்கும் இணை இல்லை,
அல்லது எதற்கும் ஓர் இணை அதிகம்.
மகரந்தத்தில் சாயம் ஏறவில்லை, வெறும் உமி.
விதை கிடையாது. கிழங்கு பக்கத்தில் கிழங்கை ஈனும்,
அது அதையே ஈனும்.
குன்று முழுக்க நின்றது
ஒரே ஒரு செடி.

பேராசிரியை ஹெப்சிபா ஒற்றைச் செல்லை நம்பமாட்டார்.
"பத்து செல் காட்டு. தெளிவாக."
ஒன்பது காட்டினேன்.
பத்தாவதில் இருபத்தொன்பது.
ஒன்று இன்னொன்றின் அடியில் படுத்திருக்கிறது, தெரிகிறது,
ஆனாலும் தெரிவதை எண்ண முடியாது.
இன்னொரு முறை அழுத்தினேன்.
செல் உடைந்தது.
பாட்டிலில் கிழங்கு அழுகியிருந்தது.

திரும்பிப் போனபோது குன்று இருந்த இடத்தில்
பச்சைத் தண்ணீர்.
ஒச்சப்பன் நோட்டைப் புரட்டினார்.
"கல்லு தூத்துக்குடிக்கு. மேல்மண்ணு
ஒத்தக்கடை தாண்டி, பிளாட் ரொப்ப. அறுபத்தேழு லோடு."

காற்றும் எறும்பும் செய்யாததை
அறுபத்தேழு டிப்பர்கள் செய்திருக்கலாம்.
மலட்டுச் செடிக்கு இதுவரை வாய்த்த
மிகப் பெரிய பயணம்.

மஞ்சள் கொடிகள், எண் பொறித்த குத்துக்கற்கள்.
நாற்பத்திரண்டாம் மனைக்கும்
தெருவென்று கோடிட்ட மண்ணுக்கும் நடுவில்
ஒரு குச்சி. மணிகள் இன்னும் திறக்கவில்லை.
இருபதா முப்பதா என்று
வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை.
காவலாளி என்னை மனை பார்க்க வந்தவள் என்று நினைத்து
விலை சொன்னான்.

ஒரு பக்கக் கிழங்கை மட்டும் பிய்த்து
டிபன் பாக்ஸில் வைத்தேன், தயிர்சாதம் இருந்த ஈரத்தோடு.

இன்று பதினொன்றாம் நாள். ஜன்னலில்,
மணலை ஒதுக்கிப் பார்த்தால்
நொய்யரிசி அளவில் ஒரு வெள்ளை.
மணி ஒன்பது பத்து.
பிளேடைத் துடைத்து வைத்திருக்கிறேன்.